மாமி முறித்த விரதம்

கந்தசஷ்டி தொடங்கிய அன்று, வேலிச் சண்டை வழக்கில் பஞ்சலிங்கம் மாமாவைப் பொலிஸ் கொண்டுபோக, வழக்கு முடியும்வரை சிறையில் வைத்தார்கள். அவருக்குக் கடும் நீரிழிவு. சிறைச் சோறு ஆகாது. மறுநாள் பாலேஸ்வரி மாமி சீனியை ஏற்றாத குரக்கன் மாப் புட்டு அவித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

சிறை வாசலில் காவலர், “ஒருவாய் சாப்பிட்டுக் காட்டினால்தான் உள்ளுக்கு விடுவம்” என்றார்.

“நான் சஷ்டி விரதம், தம்பி.”

“அப்ப திருப்பிக் கொண்டுபோங்கோ, அம்மா.”

மாமி புட்டில் ஓரமாகக் கிள்ளிச் சாப்பிட்டார். அதன்பின் நாள்தோறும் அப்படித்தான்.

தண்டனையாகித் தெற்கே தூரச் சிறைக்கு மாற்றியபின் புட்டுக் கொண்டுபோக வழியில்லை. சீனி ஏறி மாமா அங்கேயே இறந்தார். விரதத்தை முறித்ததால்தான் என்று மாமி அழுதார்.

இரண்டு வருடங்கள் கழித்து, முதற்சிறையில் மாமாவுடன் இருந்த அன்புராஜா வட்சப்பில் எழுதியிருந்தார்: “அக்கா, நீங்கள் கிள்ளின இடத்திலையிருந்துதான் அண்ணை சாப்பிடத் தொடங்குவார். ‘விரதக்காரியைச் சாப்பிட வைச்சிட்டன்’ எண்டு அழுவார்.”