மூன்றாவது ஆட்டம்

இங்கிலாந்தின் பாத் நகரத்து நடன மண்டபத்தில் சுவரோரம் உட்கார்ந்திருக்கும் அத்தைமார்களில் ஹெஸ்டர் லம்லிதான் சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கியவள். வாங்காமல் என்ன செய்வாள்? அண்ணன் மகள் லெட்டிஸைக் கரையேற்றும் பொறுப்பு அவள் தலையில். கிராமத்துப் பாதிரியார் வீட்டில் வளர்ந்த அந்தப் பெண்ணோ, யார் என்ன கேட்டாலும் தன் செருப்பைப் பார்த்துத் தலையாட்டுகிற ரகம். கூப்பிட்டவனோடெல்லாம் இந்தக் குளிர்காலம் முழுக்க ஆடித் தொலைத்தாள்.

இன்றைக்கு ஆட்டிய தலை சர் ஆம்ப்ரோஸுக்கு. சூது, குடி, அடுத்தவன் பெண்டாட்டி என்று எதையும் விட்டுவைக்காதவன். அவனோடு இரண்டு ஆட்டம் முடிந்துவிட்டது. இரண்டு வரை மரியாதை. மூன்றாவதும் ஆடினால் நிச்சயமே ஆனதாக ஊர் முடிவு கட்டிவிடும். அவன் கைகழுவிவிட்டுப் போனால் பெண்ணின் பெயர்தான் நாறும்.

ஹெஸ்டருக்கு இது கேள்விப்பட்ட கதையல்ல, தானே பட்ட கதை. அவளுடைய இளமையில் கேப்டன் லம்லி மூன்றாவது ஆட்டத்துக்குக் கை நீட்டியபோது, மாட்டேன் என்ற சொல் தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஊர் வாயை அடைக்க அவனையே கட்டினாள். அவன் குடித்துச் சாகும்வரை அந்தச் சொல் வெளியே வரவில்லை.

"அடியே, மறுபடியும் வர்றான். மாட்டேன்னு சொல்லு."

"எப்படி அத்தை? அவர் மனசு புண்படாதா?"

"மனசா? அவனுக்கா?" ஹெஸ்டர் தலையில் அடித்துக்கொண்டாள்.

"கால் வலின்னு நீங்களே சொல்லிடுங்களேன்."

"உன் கால் வலியை நான் சொன்னா நம்புவானா? வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? இவனை வேண்டாம்னுட்டா இன்னிக்குப் பூரா வேற எவனோடயும் ஆடக் கூடாது, அதுதான் முறை. போகட்டும், உக்காந்தே கிட."

லெட்டிஸ் நிமிர்ந்தாள். "எவனோடயுமா?"

"எவனோடயும்தான்."

அதற்குள் சர் ஆம்ப்ரோஸ் வந்து கை நீட்டிவிட்டான். "மிஸ் லெட்டிஸ், நீங்க இல்லாம இந்த மண்டபமே இருட்டா இருக்கு. வாங்க."

"மாட்டேன்."

பயத்தில் குரல் அளவு தெரியாமல் வந்துவிட்டது. வயலின்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் தலைமுடியைக் கோதிக்கொண்டு நகர்ந்தான்.

லெட்டிஸ் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தாள். "இப்படி ஒரு முறை இருக்குன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா அத்தை? முதல் நாளே முதல் ஆளை மாட்டேன்னுட்டு உக்காந்திருப்பேனே. எனக்கு ஆடவே பிடிக்காது."

"அதை ஏன்டி இத்தனை நாள் சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லையே."

வந்த ஆத்திரத்தில் ஹெஸ்டரின் விசிறிக் குச்சி ஒன்று முறிந்தது. ஒரே ஒரு சொல். அதைச் சொல்லத் தெரியாமல்தான் வருஷக்கணக்கில் ஒரு குடிகாரனுக்குப் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது.

"இன்னொரு தடவை சொல்லுடி அதை" என்றாள், சிடுசிடுப்பு குறையாமல். "கேட்டுக்கறேன்."