இருநூறு நாள் கோடும் இறால் கம்பெனியும்

“விக்காதிய தங்கச்சி. இப்பம்கூட யார்டு வாசல்ல லாரி வரிசையா நிக்கு. கண்ணால பாத்துக்கிட்டுத்தான் பேசுதேன்” என்று ஆறுமுகம் அண்ணாச்சி போனில் சொன்னார். அவருடைய மனைவி சந்திரா டீச்சர் என் மேசைக்கு எதிரே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “வித்துருங்க ஜெபா” என்றார் அவர்.

தூத்துக்குடியில் ஒரு ஷேர் புரோக்கிங் கிளையில் டீலராகச் சேர்ந்து, பரீட்சை எழுதி, ரிசர்ச் பார்க்கும் இடத்துக்கு வந்து, போன வருடம்தான் வேலையை விட்டேன். ஒரு பங்கை எப்படி எடைபோடுவது என்றுதான் புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். சூத்திரத்தைச் சொன்னால் மறந்துவிடுவார்கள். அந்தத் திங்கட்கிழமை காலை எப்படி வந்தது, பிறகு என்ன ஆனது என்று சொன்னால் மறக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

சரக்கு போகிறது, பணம் வருகிறதா?

அண்ணாச்சி துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கண்டெய்னர் யார்டில் மேலாளர். எந்தச் சரக்கு எவ்வளவு போகிறது என்பது அவருக்கு அத்துப்படி. எங்கள் ஆபீஸுக்கு அவர் வந்தால் நாலு பேர் சுற்றி நின்று, “என்ன அண்ணாச்சி, ஹார்பர் எப்படி இருக்கு?” என்று கேட்பார்கள். அவரும் உள்ளதை உள்ளபடி சொல்வார். சந்திரா டீச்சர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. ஏரல் பக்கம் அவருடைய அப்பாவுக்கு வயல் இருந்தது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்து விற்றபோது அவர் பங்குக்கும் பணம் வந்தது. ரிட்டயர் ஆவதற்குள் மாப்பிள்ளையூரணியில் சொந்தமாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்பதற்காக அதை வைத்திருந்தார். ஷேர் கணக்கு டீச்சர் பெயரில் இருந்தது. ஆர்டர் சொல்ல அண்ணாச்சிக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்திருந்தார். பல வருடமாக அண்ணாச்சி சொல்வார், நாங்கள் செய்வோம். டீச்சர் ஆபீஸ் பக்கம் வந்ததே இல்லை.

அப்போது ஒரு இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் பங்கு ஊர் முழுக்கப் பேச்சாக இருந்தது. திரேஸ்புரத்தில் மீன் ஏலம் எடுக்கிறவர்களிலிருந்து பாங்க் ஊழியர்கள் வரை வாங்கினார்கள். அண்ணாச்சிக்கு அதில் தனி நம்பிக்கை. ரீஃபர் என்று சொல்லும் குளிர்சாதனக் கண்டெய்னர்கள் அந்தக் கம்பெனிப் பெயரில் அவருடைய யார்டில் வந்து நின்றுதான் கப்பல் ஏறின. மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போயின.

ஒரு சனிக்கிழமை இருவரும் சேர்ந்து வந்தார்கள். வயல் பணம் முழுவதையும் அதில் போட வேண்டும் என்றார் அண்ணாச்சி. பெரிய தொகை என்பதால் டீச்சரும் உடன் வந்திருந்தார்.

கம்பெனியின் ஆண்டறிக்கையை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். விற்பனை ஏறியிருந்தது, லாபம் ஏறியிருந்தது. ஆனால் ஆபரேட்டிங் கேஷ் ஃப்ளோ, அதாவது தொழில் நடத்தியதில் நிஜமாகவே கைக்கு வந்த பணம், தொடர்ந்து மைனஸில் இருந்தது. ரிசீவபிள்ஸ், அதாவது விற்ற சரக்குக்கு வர வேண்டிய பாக்கி, விற்பனையைவிட வேகமாக வளர்ந்திருந்தது. அந்தப் பள்ளத்தை பாங்க் கடன் நிரப்பிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, நீங்க சரக்கு போறதப் பாக்கிய. நான் பணம் வருதான்னு பாக்கேன். சரக்கு ஏத்தின அன்னைக்கே லாபம்னு எழுதிருதாங்க. பணம் இன்னும் வரல” என்றேன்.

“வெளிநாட்டு யாவாரம்லா தங்கச்சி? கடனுக்குத்தான் குடுப்பாவ. பெறவு வரும்.”

“வரலாம். வளருற கம்பெனிக்கு ஒரு வருசம் அப்படி இருந்தாப் பரவாயில்ல. லாபம் வருசா வருசம் கூடுது, கைப்பணம் வருசா வருசம் குறையுதுன்னா நான் வாங்க மாட்டேன்.”

டீச்சர் இடையில் கேட்டார். “அப்பம் எல்லாரும் எதுக்கு வாங்குதாவ?”

“விலை ஏறுதுல்லா டீச்சர், அதனாலதான்.”

கம்ப்யூட்டரில் சார்ட்டைத் திறந்து காட்டினேன். துள்ளித் துள்ளிப் போகும் கோடு தினசரி விலை. அதற்குக் கீழே நிதானமாக மேலேறும் கோடு இருநூறு நாள் மூவிங் ஆவரேஜ். கடைசி இருநூறு வர்த்தக நாட்களின் முடிவு விலைகளைக் கூட்டி இருநூறால் வகுக்க வேண்டும். மறுநாள் ஆகப் பழைய விலையை எடுத்துவிட்டுப் புது விலையைச் சேர்த்து மறுபடி வகுக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தை. ஒரு நாள் வதந்தியில் அந்தக் கோடு அசையாது. விலை அதற்கு மேலே இருக்கும்வரை பெரும்பாலானவர்கள் லாபத்தில் இருக்கிறார்கள், போக்கு மேல்நோக்கி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் கோட்டுக்குக் கம்பெனியைப் பற்றி ஒன்றும் தெரியாது. விலையை மட்டும்தான் தெரியும்.

அண்ணாச்சி விடவில்லை. டீச்சர் யோசித்துவிட்டு, “பாதிப் பணம் போடுவோம். மீதி பாங்க்ல கிடக்கட்டும்” என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். “எதப் பாத்து வெளிய வரணும்? அத இப்பமே சொல்லிருங்க.”

அத்தனை வருடத்தில் வாங்கும்போதே அந்தக் கேள்வியைக் கேட்ட ஆள் அவர்தான். வாரக் கடைசியில் விலை இருநூறு நாள் கோட்டுக்குக் கீழே முடிந்தால் அடுத்த வர்த்தக நாளில் விற்றுவிடுவது என்று பேசினோம். திரும்ப வாங்க வேண்டுமென்றால் விலையும் கோட்டுக்கு மேலே வர வேண்டும், ரிசல்ட்டில் கைப்பணமும் தேறியிருக்க வேண்டும். “சரி, சரி” என்று அண்ணாச்சியும் தலையாட்டினார். வாங்குகிற சந்தோஷத்தில் இருக்கிறவர் எதற்கும் தலையாட்டுவார்.

நான் கேலிப்பொருளான காலம்

நான் வேண்டாம் என்று சொன்ன பங்கு அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஏறியது. சும்மா ஏறவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏறியது. “மேடம் வேண்டாம்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கணும்” என்று கஸ்டமர்கள் ஜோக் அடித்தார்கள். எங்கள் கிளை மேலாளர் மதுரைக்காரர், நல்ல மனிதர்தான். அவரே ஒருநாள், “நீங்க ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்க வேண்டிய ஆளு ஜெபா. இங்க வந்து மாட்டிக்கிட்டீங்க” என்றார்.

எனக்கே சந்தேகம் வந்தது. ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த அறிக்கையில் எதையாவது தப்பாகப் படித்துவிட்டேனா என்று யோசித்தேன். மறுபடி படித்தேன். படித்தது சரிதான். கணக்கு சரியாக இருந்தும் விலை எதிர்ப்பக்கமாகவே மாதக்கணக்கில் போகும் என்பதை அப்போதுதான் உடம்பால் உணர்ந்தேன். கைப்பணம் வராத கம்பெனிக்கு என்றைக்காவது இடி விழும். என்றைக்கு என்று கேஷ் ஃப்ளோ சொல்லாது. அண்ணாச்சி மட்டும் என் பேச்சைக் கேட்டு மொத்தமாக விலகியிருந்தால் நல்ல லாபத்தை இழந்திருப்பார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மீதிப் பணத்தையும் போட வேண்டும் என்று அவர் பலமுறை கேட்டார். “இவா பாங்க்ல பூட்டி வச்சிருக்கா” என்று என்னிடம் குறைப்பட்டுக்கொள்வார். டீச்சர் அசையவில்லை.

அந்தத் திங்கட்கிழமை

உச்சத்திலிருந்து விலை மெதுவாக இறங்கத் தொடங்கியபோது யாரும் பயப்படவில்லை. கெட்ட செய்தி எதுவும் இல்லை. கொஞ்சம் இறங்கும், பிறகு ஏறும் என்றார்கள். அப்படியே இறங்கி இறங்கி, ஒரு வெள்ளிக்கிழமை இருநூறு நாள் கோட்டுக்குக் கீழே முடிந்தது.

இருவருக்கும் அன்று சாயங்காலமே செய்தி அனுப்பினேன். அண்ணாச்சி, “பாப்போம்” என்று பதில் போட்டார். டீச்சரிடமிருந்து பதில் இல்லை. திங்கட்கிழமை சந்தை திறந்த கொஞ்ச நேரத்தில், அரை நாள் லீவு போட்டுவிட்டு மாடிப்படி ஏறி வந்தார். சேலையில் பேட்ஜ் குத்தியபடியே இருந்தது.

“இவுக விக்க மாட்டேங்காவ. ரெண்டு நாளா வீட்ல இதே பேச்சு. கணக்கு என் பேர்லதான இருக்கு? நான் சொன்னா விக்கலாம்லா?”

“விக்கலாம் டீச்சர். ஆனா அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருவோம்” என்று போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்தேன். அப்போதுதான் அவர் லாரி வரிசையைச் சொன்னார்.

“ஏளா, நீ என்னத்துக்கு அங்கன போய் உக்காந்திருக்க? நான் முட்டாளா? தினம் யார்டுல நிக்குதவன் நானா நீயா?” அவர் குரல் ஏறியது. ஆபீஸில் இருந்த மற்ற கஸ்டமர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சர் முகம் சிவந்துவிட்டது. ஆனால் சத்தம் போடவில்லை. “நீங்க முட்டாள்னு நான் சொல்லல. வாங்குத அன்னைக்கு நீங்களும் சரின்னுதான சொன்னிய? அன்னைக்கு நமக்குப் பயமும் இல்ல, ஆசையும் இவ்வளவு இல்ல. அன்னைக்கு யோசிச்சதத்தான் நான் நம்புதேன்.”

மறுமுனையில் டிரெய்லர் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு லைன் துண்டானது.

மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். “டீச்சர் சொல்றதுதான் செல்லும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அண்ணாச்சி கோவிச்சுக்கிட்டு ஒரு கூட்டத்தையே வேற புரோக்கர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போயிருவாரு, பாத்துக்கங்க” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சொல்லிவிட்டு, “போடுங்க” என்றார்.

ஆர்டர் திரையைத் திறந்தேன். பங்கைப் பற்றி நான் யோசிக்கவில்லை. இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்திய இருவருக்கு நடுவில் என் கீபோர்டு கிடந்தது. விலை ஏறினால் அந்த வீட்டில் டீச்சர் எப்படிச் சாப்பிடுவார் என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மொத்தமும் விற்று முடிந்தது. வாங்கிய விலைக்கு லாபம்தான். உச்ச விலையிலிருந்து பார்த்தால் நிறைய விட்டிருந்தோம். இந்தக் கோடு அப்படித்தான், உச்சியில் மணி அடிக்காது. தாமதமாகத்தான் சொல்லும்.

டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, மத்தியான வகுப்புக்கு பஸ் பிடிக்கப் போனார்.

அதற்குப் பிறகு

அடுத்த மூன்றாவது வாரம் விலை திரும்பவும் கோட்டுக்கு மேலே ஏறியது. அண்ணாச்சி நேரில் வந்தார். உட்காரவில்லை.

“நல்லா இருக்கா தங்கச்சி? வித்துட்டு என்னத்தக் கண்டிய? வயல வித்தது ஒரு தப்பு, அந்தக் காசையும் ஒழுங்கா வைக்க விடல.”

“அண்ணாச்சி, திரும்ப வாங்க ரெண்டு விசயம் பேசினோம். விலை வந்துட்டு. கைப்பணக் கணக்கு அரையாண்டு ரிசல்ட்லதான் வரும். அது வரட்டும்.”

“நீங்க கணக்கப் பாத்துக்கிட்டே இருங்க” என்று படியிறங்கிப் போய்விட்டார். மேலாளர் பயந்தபடியே அண்ணாச்சியின் நண்பர்கள் சிலர் வேறு புரோக்கரிடம் கணக்கை மாற்றிக்கொண்டு போனார்கள். மேலாளர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த மாதம் டார்கெட் மீட்டிங்கில் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதை நான் கேட்டேன். வீட்டில் அண்ணாச்சி தன்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசுகிறார் என்று டீச்சர் ஒருமுறை போனில் சொன்னார். அழவில்லை. சொன்னார், அவ்வளவுதான்.

அரையாண்டு ரிசல்ட் வந்தது. லாபம் இன்னும் கூடியிருந்தது. கைப்பணம் இன்னும் ஆழமான மைனஸ். கேஷ் ஃப்ளோ பக்கத்தை யாரும் திறக்காததால் அன்றைக்கும் விலை ஏறித்தான் முடிந்தது. டீச்சரிடம் சொன்னேன். “அப்பம் வாங்க வேண்டாம்” என்றார்.

இடி விழும் என்று நான் நினைத்தது இடியாக வரவில்லை. வெளிநாட்டில் பெரிய வாங்குநர் ஒருவர் பணம் கொடுக்க முடியாமல் கைவிரித்தார். வர வேண்டிய பாக்கியில் ஒரு பகுதியைக் கம்பெனி வாராக்கடன் என்று தள்ளியது. ஒரு ஆலையை விற்றுக் கடன் அடைத்தது. விலை மாதக்கணக்கில் வழிந்து, நாங்கள் விற்றதில் பாதிக்கும் கீழே போனது. கம்பெனி சாகவில்லை. இன்றும் இறால் அனுப்புகிறது. அன்றைக்குக் கேலி செய்தவர்களில் சிலர் அந்தப் பங்கை இன்னும் வைத்துக்கொண்டு, ஒருநாள் வரும் என்கிறார்கள்.

அண்ணாச்சி நெடுநாள் வரவில்லை. ஒருநாள் மத்தியானம் வேறொரு கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார். முன்பக்கப் படங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு, “இதுல பணம் வந்த கணக்கு எங்கன இருக்கு, காட்டுங்க” என்றார். காட்டினேன். விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார்.

“சரக்குப் போனது நெசந்தான தங்கச்சி? நான் பொய் சொல்லலியே?”

“நெசந்தான் அண்ணாச்சி. நீங்க பாத்ததும் நெசம்.”

“இதத்தான் வீட்ல அவகிட்டயும் சொன்னேன். ‘யாரு உங்களப் பொய்யின்னு சொன்னா, சாப்பிடுங்க’ன்னுட்டா” என்று சிரித்தார். பல மாதம் கழித்து அன்றுதான் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

இதைப் படித்துவிட்டு இருநூறு நாள் கோட்டை மந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். இதே கோட்டைக் கேட்டு நான் விற்கச் சொன்ன வேறொரு பங்கு, கைப்பணம் நன்றாக இருந்த கம்பெனி, பிறகு இரண்டு மடங்கு ஆனது. அந்தக் கஸ்டமர் கோயில் கொடை விழாவில் என்னைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எதை வாங்குவது என்பதற்குக் கைப்பணத்தைப் பாருங்கள். எப்போது விலகுவது என்பதற்குக் கோட்டைப் பாருங்கள். இரண்டும் ஒரே பக்கம் கை காட்டினால் தயங்காதீர்கள். எதிரெதிராகக் காட்டினால் தொகையைக் குறையுங்கள்.

வாங்க வருகிற எல்லோரிடமும் ஏன் வாங்குகிறீர்கள் என்று நாம் கேட்கிறோம், அவர்களும் வாய் ஓயாமல் சொல்வார்கள். எப்போது விற்பீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. பதில் வரும்வரை ஆர்டர் போடாமல் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருங்கள். முடிந்தால் அவர்கள் வீட்டில் இருக்கிற இன்னொருவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.