கோச்சிப் பாட்டுக் குடும்பம்

பெரிய பிஸ்கற் டின் ஒன்றைக் கவிழ்த்து மடியில் வைத்து, இரண்டு ஈர்க்குக் கட்டுகளால் தட்டித் தேய்த்தால் தண்டவாளத்தில் கோச்சி ஓடும் சத்தம் வரும். எங்கள் வீட்டுக் கச்சேரியில் அதுதான் என் வேலை. அப்பா கிற்றார் வாசிப்பார், அக்கா பாடுவாள், அண்ணா மௌத் ஓர்கனில் கோச்சியின் ஊதலைக் கொண்டுவருவான். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த அப்பாவுக்கு வானொலியின் ஆங்கிலச் சேவையில் வரும் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுகள் என்றால் உயிர். அவற்றிலும் ரயில் ஓடும் பாட்டுகள்தான் வேண்டும். அவற்றில் வீடு திரும்புகிறவன், காதலியை விட்டுப் போகிறவன், வேலை தேடிச் சரக்கு வண்டியில் ஏறுகிறவன் எல்லோரும் ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டு முன்னறையில் வந்து கூடிவிடுவார்கள். அந்தப் பாட்டுகளில் வரும் ஊர்கள் எங்கே இருக்கின்றன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அக்கா தன் கொன்வென்ட் ஆங்கிலத்தில், போய் வந்தவள் போலவே அவற்றை உச்சரிப்பாள். தெருவில் எங்களுக்குக் 'கோச்சிப் பாட்டுக் குடும்பம்' என்றே பெயர்.

அம்மா மட்டும் எதிலும் சேரமாட்டார், கேட்டுக்கொண்டிருப்பார். அவர் வெள்ளவத்தையில், கடற்கரைத் தண்டவாளத்துக்கு அருகில் பிறந்து வளர்ந்தவர். நான்கு அண்ணன்மாரோடு போட்டி போட்டு, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்து, போகிற வண்டியின் டிரைவரைப் பதிலுக்கு ஊத வைத்தவராம். கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் எங்கள் முற்றத்திலும் அப்படி அடித்திருக்கிறார். எங்களோடு இருந்த மாமி, அப்பாவின் அக்கா, உள்ளேயிருந்து ஓடிவந்து, "குடும்பப் பொம்பிளை விசிலடிக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?" என்று கேட்டாராம். அப்பா பக்கத்தில் நின்றும் வாய் திறக்கவில்லை. அன்றோடு அம்மா விட்டுவிட்டார். இதெல்லாம் பின்னால் தெரிந்த கதை. நாங்கள் மூன்று பேரும் பிறந்து வளர்ந்தும் அந்த விசிலைக் கேட்டதே இல்லை.

அந்த வருடம் கோவில் திருநாளுக்கு மண்டபத்தில் பாடும்படி பங்குத் தந்தை எங்களைக் கேட்டார். முன்னறைக்கு வெளியே நாங்கள் பாடப்போவது அதுதான் முதல் தடவை. அப்பா எல்லோருக்கும் ஒரே துணியில் கட்டம் போட்ட சட்டை தைப்பித்தார். விழாவுக்கு முதல்நாள் கிரிக்கெட் பந்து பட்டு அண்ணாவின் உதடு கத்தரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. அவனுடைய ஊதல்தான் எங்கள் கடைசிப் பாட்டின் உயிர்.

"விசில் இல்லாமல் என்ன கோச்சிப் பாட்டு? நாங்கள் வரேல்லை எண்டு ஃபாதரிட்டச் சொல்லிவிடுறன்," என்றார் அப்பா. அக்கா அழத் தொடங்கினாள்.

"பிள்ளையள் ஆசையா இருக்குதுகள். போய்ப் பாடுங்கோ, பாப்பம்," என்றார் அம்மா.

முதல் இரண்டு பாட்டுகளும் நன்றாகப் போயின. கடைசிப் பாட்டில் வண்டி நிலையத்தை விட்டுப் புறப்படும் இடம் வந்தது. அக்கா நிறுத்தினாள். ஊதல் வரவேண்டிய இடத்தில் என் டின் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்பாவின் முகம் கறுத்தது. அப்போது இரண்டாம் வரிசையில், மாமிக்குப் பக்கத்தில் இருந்த அம்மா எழுந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். இரண்டு விரலை வாயில் வைத்தார்.

தாழ்ந்த சுருதியில் தொடங்கிய அந்த விசில் ஏறி ஏறி உச்சத்தில் ஒரு கணம் நின்று, வண்டி வளைவில் மறைவது போலத் தேய்ந்து போயிற்று. நான் தட்டுவதை மறந்தேன். அக்காவுக்குச் சொற்கள் மறந்தன. மண்டபம் முழுவதும், கண்டிப்புக்குப் பேர்போன மாமியைத்தான் பார்த்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. மாமி நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்கட தம்பியின்ட மனிசி!" என்றார். கூரை பறக்கும்படி கைதட்டல் எழுந்தது. பங்குத் தந்தை திரும்பி, "ஒருக்கா காணாது, மேடைக்கு வந்து இன்னுமொருக்கா அடியுங்கோ!" என்று கூப்பிட்டார்.

அதற்குப் பிறகு கல்கிசை வரைக்கும் கல்யாண வீடுகளில் பாடினோம். யார் வராவிட்டாலும் அம்மா வரவேண்டும் என்பார்கள். இன்று அப்பாவும் மாமியும் இல்லை. அக்காவும் அண்ணாவும் தூர தேசங்களில் இருக்கிறார்கள். அம்மா என்னோடு வெள்ளவத்தையில், கடல் தெரியும் மாடி வீட்டில் இருக்கிறார். பழைய நாட்களைக் கதைக்கும்போது நாங்கள் இருவரும் மேடையைப் பற்றி அதிகம் கதைப்பதில்லை. அன்று வீடு திரும்பிய வழியைத்தான் கதைத்துச் சிரிப்போம்.

தெருமுனையில் அப்பா நின்றுவிட்டார். "இஞ்சரும், நான் அண்டைக்கு முற்றத்தில உமக்காக ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்," என்றார் அம்மாவிடம்.

"இப்ப என்னத்துக்கு அது? விரலை வாயில வையுங்கோ, பழக்கிவிடுறன்."

அப்பா கிற்றாரை என்னிடம் தந்துவிட்டு ஊதிப் பார்த்தார். வெறும் காற்றுத்தான் வந்தது. மறுபடியும் ஊதினார். அதுவும் காற்றுத்தான். அப்போது பின்னால் வந்துகொண்டிருந்த மாமி பொறுக்கமாட்டாமல், "நாக்கை மடிச்சுக்கொண்டு ஊதடா!" என்றார்.

நாங்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தோம். மாமி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, எங்களைக் கடந்து விறுவிறுவென்று நடந்தார்.