பெருக்காத வீடு

தூரதேசம் கிளம்பிய பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று ஒரு தாயின் மனம் எப்போது நம்பும்? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் ஆறாம் வகுப்புப் படித்த வருடம், எங்கள் பள்ளிக்கும் டென்மார்க்கில் ஒரு பள்ளிக்கும் தோழமை ஏற்பட்டது. அங்கிருந்து சில பிள்ளைகள் திருவண்ணாமலைக்கு வந்து ஆளுக்கொரு வீட்டில் தங்கினார்கள். வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு வந்தவள் லீனா. அடுத்த கோடையில் நான் அவள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அம்மா சரியென்று தலையாட்டியிருந்தாள். பெங்களூரிலிருந்து மாமா நீல ஸ்வெட்டர்கூட வாங்கி வந்துவிட்டார். எங்கள் ஊர் வெயிலில் அதைப் போட்டுப் பார்த்து, வியர்வையோடு பனியைக் கனவு கண்டேன்.

லீனா காலையில் மொட்டைமாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். மேகம் மூடினால், மலை எங்கே என்று கையை விரித்துக் கேட்பாள். வந்துவிடும் என்று நானும் கையாலேயே சொல்வேன். அம்மா தினமும் அவளுக்குக் கனகாம்பரம் வைத்துவிடுவாள். வழுவழுவென்ற அந்தக் கூந்தலில் எந்த ஹேர்பின்னும் நிற்காது. பூ வீடெங்கும் உதிரும்.

கிளம்பும் அன்று அம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி, கையில் இருந்ததில் துப்பச் சொன்னாள். லீனா பதறி மாட்டேன் என்று தலையாட்டினாள். "துப்புடி தங்கம், ஒண்ணும் தப்பில்ல" என்று அம்மா கெஞ்சியதில் எல்லோருமே சிரித்துவிட்டோம்.

லீனாவைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்த அம்மா துடைப்பத்தைத் தொடவில்லை. பயணம் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். செங்கத்துக்கோ வேலூருக்கோ போகிறவர்களுக்கு அது சரி. டென்மார்க்குக்கு எவ்வளவு நேரம் என்று வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் சொல்லிவைக்கவில்லை.

மறுநாளும் வீடு பெருக்காமலே கிடந்தது.

"பிளேன் இந்நேரம் எறங்கியிருக்கும்" என்றார் அப்பா.

"எறங்குனா போதுமா? புள்ள வூடு போய்ச் சேர வேணாமா?"

பக்கத்து வீட்டு அத்தை வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னாங்க, வெள்ளக்காரப் பொண்ணு தொடப்பத்தையும் எடுத்துனு போயிடுச்சா?" என்றார். அம்மா சிரிக்கவில்லை.

கூடத்தில் வாடிய பூக்கள். சீப்பருகே ஒரு பொன்னிற முடி. ஜன்னல் வெயிலில் தூசி மெல்ல நீந்தியது. அம்மா பூக்களை மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தாள். சோறு போடும்போது கை பாதியில் நின்றுவிடும். வீடே மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போலிருந்தது.

அதற்கடுத்த நாள், எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டதாகத் தொலைபேசி வந்தது என்று தலைமையாசிரியை சொன்னார். மணியடித்ததும் ஓட்டமாக வந்தேன்.

"லீனா வூட்டுக்குப் போயிட்டாளாம், அம்மா!"

அம்மா துடைப்பத்தை எடுத்தாள். மூலை மூலையாகப் பெருக்கி முடித்து, அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நீ போவ வேணாம்டி கண்ணு" என்றாள்.

அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன். அப்பாவும் பேசிப் பார்த்தார். கடைசியில் என் இடத்தில் வகுப்புத் தோழி ஒருத்தி போனாள், என் நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு. சேர்ந்துபோன குப்பையை அள்ளிய சலிப்பில்தான் அம்மா மனம் மாறிவிட்டாள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். வீடு பெருக்காமல் கிடந்த அந்த நாட்களில் அம்மா மனதுக்குள் என்னையே ஒருமுறை அனுப்பிப் பார்த்திருக்கிறாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

இப்போது என் மகளின் பள்ளிக்கு ஜப்பானில் ஒரு தோழமைப் பள்ளி. மே மாதம் அவள் போக வேண்டும். நானும் தலையாட்டிவிட்டேன். இறங்கியதும் செல்போனில் பேசிவிடுவாள், தெரியும். இருந்தாலும் துடைப்பத்தை எடுக்கும்போதெல்லாம் கை தயங்குகிறது. பிள்ளையைத் தூரம் அனுப்பியவர்கள் யாராவது சொல்லுங்களேன். நான் அனுப்பலாமா? நீங்கள் அனுப்பியபோது, வீட்டை எப்போது பெருக்கினீர்கள்?