நீல விளக்கை நம்பிப் போட்ட கையெழுத்து

இரண்டாயிரத்து ஏழு வாக்கில், தீபாவளி சீசன் சூடு பிடித்த நேரம். நுண்ணுயிரியல் படித்துவிட்டு, சிவகாசி பக்கம் ஒரு தண்ணீர் கேன் கம்பெனியில் முதல் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சுற்றியிருந்த பட்டாசு ஆலைகளுக்கு எங்கள் கேன்தான் போகும். தண்ணீரைச் சோதித்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

அங்கே ஒரு ஸ்டீல் குழாய்க்குள், கண்ணாடி உறை போட்டுப் புற ஊதா விளக்கு வைத்திருந்தார்கள். அதைக் கடந்துபோகும்போது தண்ணீரில் இருக்கும் கிருமி சாக வேண்டும். குழாயின் நுனியில் நீல வெளிச்சம் தெரியும். வருகிறவர்களிடம் எல்லாம் முதலாளி அதைத்தான் பெருமையாகக் காட்டுவார்.

தொட்டி கழுவும் அக்கா ஒருநாள் காலையில் என் மேஜைக்கு வந்தார். "மேடம், தொட்டிக்குள்ள கை வச்சா வளுவளுன்னு வளுக்குது. எம்புட்டுத் தேச்சாலும் போகல. ஒருக்கா வந்து பாருங்க."

"லைட்டு எரியுதுல்லக்கா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு, நான் எழுந்திருக்கக்கூட இல்லை. சோதிக்காமலே அன்றைய கையெழுத்தையும் போட்டேன்.

பத்து நாள் கழித்து, ஓர் ஆலையில் இருபது பேருக்கு மேல் வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையோடு கிடந்தாள். நான் யாரென்று தெரியாமல் என்னிடமே சொன்னாள்: "பிள்ளைக்கு ஆகாதுன்னு குளாத் தண்ணிகூடக் குடிக்கலக்கா. கேன் தண்ணிதான் குடிச்சேன்."

கம்பெனிக்குத் திரும்பி வந்து, குழாய் வேலை பார்க்கும் பிட்டரை விட்டு ஸ்டீல் குழாயைக் கழற்றச் சொன்னேன். கண்ணாடி உறை முழுக்க உப்புக்கறை. அதன்மேல் பழுப்பாகக் கொழகொழவென்று ஒரு படலம். உள்ளே விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. வெளிச்சம் தண்ணீருக்குப் போய்ச் சேரவே இல்லை. தொட்டியின் மூலையில் விரல் வைத்தேன், மீன் தோல் மாதிரி வழுக்கியது. கிருமிகள் கூட்டமாக ஒட்டி அப்படிப் படலம் கட்டிவிட்டால், அதைச் சுரண்டி எடுக்காமல் எந்த ஒளியும் உள்ளே நுழையாது. இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்.

முதலாளி வந்து பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "களுவுறவ ஒளுங்காக் களுவல. நாளையில இருந்து அவ வர வேண்டாம். நீங்க போன மாச தேதி போட்டு, தண்ணி சுத்தமா இருந்துச்சுன்னு ஒரு ரிப்போர்ட் எளுதிருங்க."

அந்த அக்கா வாளியோடு அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். "அவங்க என்கிட்ட சொன்னாங்க சார். நான்தான் கேக்கல. அதைத்தான் எழுதுவேன்" என்றேன். பதிவேட்டில் அப்படியே எழுதி, சுகாதார ஆய்வாளர் கையில் கொடுத்தேன். கம்பெனிக்குப் பூட்டுப் போட்டார்கள். எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள், அந்தக் கர்ப்பிணியும் வயிற்றுப் பிள்ளையும் உட்பட.

மன்னிப்புக் கேட்க அக்கா வீட்டுக்குப் போனேன். தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "இப்ப வந்து என்னம்மா செய்ய? அன்னைக்கு எந்திரிச்சு வந்திருக்கலாம்ல" என்றார். சரி என்று சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

அந்த முதலாளியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் நாற்காலியை விட்டு எழாமல் பதில் சொன்ன அந்தப் படித்த பெண் மேல் இருக்கும் கோபம் அதைவிடப் பெரியது, அது ஆறவே வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.