கிணற்றடிக்கு மேலே பறந்த கமரா

சிறு கடைகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் விளம்பர வீடியோ எடுத்துக் கொடுப்பது என் தொழில். அண்மையில் வட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சனசமூக நிலையம், வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்களுக்காக ஒரு வீடியோ கேட்டது. அனுமதி, காற்று, மின்கம்பி, பற்றரி எல்லாம் சரிபார்த்துத்தான் ட்ரோனை ஏற்றி, தோட்டங்களையும் வீடுகளையும் மேலிருந்து எடுத்தேன்.

வெளியிடுவதற்கு முன்பு நிலையத் தலைவரின் வீட்டுப் பெரிய ரிவியில் போட்டுக் காட்டினேன். தேநீர் கொண்டுவந்த அவருடைய மனைவி திடீரென்று கத்தினார்.

“ஐயோ பிள்ளை, நிப்பாட்டு! உது எங்கடை கிணத்தடியெல்லே? உதிலை குளிக்கிறது நான்தான்!”

என் மடிக்கணினியில் புள்ளியாகத் தெரிந்தவர், அங்கே மார்புக்குக் குறுக்கே சேலையைச் சுற்றிய குறுக்குக்கட்டோடு தெளிவாக நின்றார். கிணற்றைச் சுற்றி உயரமான வேலி இருந்தது. மேலே மறைப்பு இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரியுங்கோ! கனடாவிலை உங்கடை தங்கச்சிமார் எல்லாரும் பாத்திருப்பினம்” என்று கணவரைப் பார்த்து அன்ரி சீறினார்.

அவர் கண்முன்னாலேயே அந்தக் காட்சியை அழித்தேன். இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை என்று சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. எனக்கும்தான்.

இப்போது முதல்நாளே சுற்றியுள்ள வீடுகளுக்குப் போய், ட்ரோன் ஏற்றும் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். முடித்த வீடியோவைப் பெரிய திரையில் பார்க்காமல் வெளியே விடுவதில்லை. போன வாரம் ஒரு வீட்டுக்காரி, “கொஞ்சம் பொறு பிள்ளை, நல்ல சீலையாக் கட்டிக்கொண்டு வாறன்” என்றார். ட்ரோன் மேலே போனபோது, அந்தக் குறுகிய ஒழுங்கை முழுவதும் வீட்டுக்கு வீடு பெண்கள் முற்றத்தில் நின்று கை காட்டினார்கள்.