காற்றில் எரியாத அடுப்பும் உதுமாலெவ்வை காக்காவும்

போன வெள்ளிக்கிழமை சுபஹ் தொழுது பள்ளிவாசல் படியிறங்கும்போது, உதுமாலெவ்வை காக்கா மௌத்தான செய்தி வந்தது. இன்னாலில்லாஹி சொன்னேன். பிறகு, நான் எழுதுவதை வாசிக்காமல் கண்ணை மூடிவிட்டாரே என்றுதான் கவலைப்பட்டேன்.

அவரை அறிந்த உங்களுக்கு என்னையும் தெரியும். "பறக்கத் இல்லாத கை", அதாவது இறையருள் இல்லாத கை என்று அவர் பெயர் வைத்த சமையல்காரன் நான்தான்.

ஒரு மாரியில், விதைப்புக்காக எட்டுப் பேர் சாகாமத்து வயலில் வாடி என்கிற குடிசை அடித்துத் தங்கப் போனோம். காணி அவருடையது, ஆக்குவது நான். வாடைக்காற்றும் மழையும் பிடித்துக்கொண்டிருந்தன. இரும்பு முக்காலி, காற்று மறைக்க வெட்டிய தகரம், மூடிபோட்ட பேணியில் காய்ந்த சிரட்டை எல்லாம் வண்டிலில் ஏற்றினேன். அவர் அத்தனையையும் இறக்கிவிட்டு, புதிதாக வாங்கிய மண்ணெண்ணெய் அடுப்பை வைத்தார்.

"காக்கா, இது வயல் காத்துக்கு நிக்காது."

"எந்தக் காத்து மழைக்கும் எரியுமெண்டு கடுதாசியில எழுதியிரிக்கிடா. கைநாட்டு வைக்கிற ஒனக்கு என்ன தெரியும்?"

முதல் நாள் பாச்சோறு ஆக்கி, பாத்திஹா ஓதித்தான் விதை எறிவோம். அன்று திரி அணைந்துகொண்டே இருந்தது. அரிசி வேகவில்லை, பாலில் மண்ணெண்ணெய் மணத்தது. எல்லோரும் பசியோடு வரம்பில் நின்றார்கள். அவர் சிரித்தார்.

"அடுப்புல பிழையில்ல. இவன்ட கையிலதான் பறக்கத் இல்ல."

எனக்கு முந்தி அந்தப் பேச்சு ஊர் வந்து சேர்ந்தது. அதன்பின் ஒரு கந்தூரி விருந்துக்கும் என்னை ஆக்கக் கூப்பிடவில்லை.

அடுப்போடு வந்த கடுதாசியை நான் எறியவில்லை. இந்த வருடம் முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்து, முதலில் அதைத்தான் வாசித்தேன். "வீட்டுக்குள், காற்றுப் படாத இடத்தில் மட்டும் எரிக்கவும்." எழுத்தெழுத்தாக மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் இனித்தது.

"நெல்லுக்கிட்டப் பொய் சொல்ல ஏலாது" என்பார் காக்கா. ஓம், நெல்லிடம் அவர் சொல்லவில்லை.

ஜனாஸாவை அடக்கும் முன் அவருடைய மூத்த மகன் வழக்கப்படி கேட்டான்: "எங்கட வாப்பாவ எல்லாரும் பொருந்திக்கங்க." எல்லோரும் மன்னித்துப் பொருந்தினார்கள். நான் வாய் திறக்கவில்லை. மறுநாள் அவன் என் வீட்டுக்கு வந்தான்.

"சாச்சா, நீங்க மட்டும் பொருந்தல்லயே. வாப்பா கபுறுல கிடக்காரு."

"கிடக்கட்டும் மனே. நான் எழுதி முடிக்கக் கொஞ்சம் சுணங்கும்."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த எழுத்துத்தான். அவர் ஏசாவிட்டால் படித்திருக்க மாட்டேன். குர்ஆன் ஓதும் நாற்பதாம் நாள் கத்தத்தில் ஊர் கூடியிருக்க, இதை அந்த மூத்த மகன்தான் உரத்து வாசிக்க வேண்டும். கடுதாசியில் உள்ள வரியை இரண்டு தரம். வாசித்து முடிந்ததும் பொருந்துகிறேன். அதற்கு முந்தி மாட்டேன்.